கையால் கிளப்பினால் ஓடுகிறதே!

எங்கள் ஊர் கிளினிக்கில் இரவு கரன்ட் போய் வந்தால், லினக்ஸ் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். நோயாளிகள் விவரம் தரும் சர்வீஸ் மட்டும் எழாது. சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் வாடுவார்கள். "சார், இன்னைக்கும் வரல" என்று சிஸ்டர் போன் செய்வார்.

கையால் கிளப்பினால் உடனே ஓடும். துப்பே அதுதான்! 'ஜர்னல்சிடிஎல்' பதிவைப் புரட்டினேன். சர்வீஸ் கிளம்பிய நொடியில் கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரியே வந்திருக்கவில்லை.

'நெட்வொர்க்.டார்கெட்' என்றால் நெட்வொர்க் தயார் என்றுதானே நினைப்போம்? இல்லையாம். (பெயர் வைத்தவரைக் கொஞ்சம் திட்டலாம்.) முகவரி வரும்வரை காத்திருக்க 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வேண்டும். அதை சர்வீஸ் ஃபைலில் 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டிலும் எழுதினேன். 'ஆஃப்டர்' வரிசையை மட்டுமே சொல்லும். அதைக் கூட்டி வருவது 'வான்ட்ஸ்'தான்.

மூன்று முறை ரீபூட் செய்து பார்த்தேன். மூன்று முறையும் தானாகவே எழுந்தது.