இருபத்தொரு வயசுக் கல்லறைகள்

தாய்லாந்துன்னா பாங்காக், பட்டாயா மட்டும்தானா பாஸ்? பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கி.மீ. போனா காஞ்சனபுரி. க்வாய் ஆற்றுப் பாலத்துல நின்னு எல்லோரும் போட்டோ எடுக்கிறாங்க. நீங்களும் எடுங்க, தப்பில்லை. கையோடு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை வாங்க.

வெட்டிவிட்ட புல்தரை, வரிசை வரிசையா சுமார் 7,000 கல்லறைகள். கல்லுல இருக்கிற வயசைப் படிங்க. 21, 22, 23... நம்ம கிளாஸ் பசங்க வயசு!

இவங்க சண்டையில சாகலை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியர்களிடம் கைதியானவங்கதான் இதில் நிறையப் பேர். பர்மாவுக்கு 415 கி.மீ. ரயில் பாதை போட, சுமார் 60,000 கைதிகளைக் காட்டுக்குள்ள இறக்கினாங்க. பாறையைப் பிளக்கப் பல இடங்களில் சுத்தியலும் உளியும்தான். காலரா, மலேரியா, அரை வயித்துக் கஞ்சி. 1943 அக்டோபரில் பாதை முடிஞ்சது. 12,000க்கும் அதிகமான கைதிகளும் முடிஞ்சுபோனாங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம்ம தமிழர்கள் உட்பட, இறந்த ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர். இந்தத் தோட்டத்துல அவங்க பேருக்கு ஒரு கல்கூட இல்லை. ஏன்னா, இது ராணுவத்தினருக்கான இடம்.

அந்தப் பாதையில நாம்தோக் வரைக்கும் இன்னிக்கும் ரயில் ஓடுது. ஏறி உட்காருங்க. ஜன்னல் வழியா ஆறு ரொம்ப அழகா தெரியும். கொஞ்சம் தண்டவாளத்தையும் பாருங்க, ப்ளீஸ்!