சாகப்போகும் அட்டை

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடலட்டைப் பண்ணைகளில் இருந்து அழைப்பு வந்தால் நான் முதலில் சொல்வது இதுதான்: "அண்ணை, செத்ததைக் கொண்டு வராதேங்கோ, சாகப்போறதைக் கொண்டு வாங்கோ."

செத்த கடலட்டை எங்கள் வெயிலில் வெகு விரைவில் கரைந்து கூழாகிவிடும். அந்தக் கூழில் விப்ரியோ பற்றீரியா கிடைப்பதில் வியப்பில்லை. அது கடல்நீரிலேயே வாழ்வது. பிணத்தில் இருந்ததாலேயே அதைக் கொலையாளி என்று சொல்லிவிட முடியாது. உயிரோடிருக்கும் அட்டையில், புண்ணும் நல்ல தோலும் சந்திக்கும் விளிம்பைத்தான் வெட்டி எடுப்பேன். ஒரு துண்டு போர்மலினுக்கு, ஒரு துண்டு எதனோலுக்கு. பேராதனைக் கால்நடை மருத்துவ பீடம் வரை அது பழுதாகாமல் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளை அட்டைக் குஞ்சுகளின் தோல்புண் நோயைப் பற்றி மடகஸ்காரில் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. கழிவாய்க்கருகே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அது உடலெங்கும் பரவி மூன்று நாளுக்குள் குஞ்சு செத்துப்போகும். ஆகவே குஞ்சு வாங்குபவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஆனால் வெள்ளையாய்த் தெரியும் புண்ணெல்லாம் தொற்று அல்ல. மாரி மழையில் ஆழமில்லாத கடலின் உப்பு குறையும்போதும் அட்டை வீங்கும், தோல் உரியும். நண்டு கடித்தாலும் புண் வரும். அதனால் அட்டையைத் தொடுமுன் பண்ணையைச் சுற்றி நடப்பேன். ஒரு மூலையில் தொடங்கி நாளுக்கு நாள் விரிந்தால் தொற்றைச் சந்தேகிப்பேன். எல்லாம் ஒரே நாளில் வாடினால் தண்ணீரை அளப்பேன். அங்கொன்றும் இங்கொன்றுமானால் வேலி வலையில் ஓட்டை தேடுவேன்.

தொற்று என்று தெரிந்தாலும் கடலில் மருந்து போட வழியில்லை. அடுத்த நீரோட்டம் அதை அள்ளிப்போகும். எனவே தடுப்பே எங்கள் மருத்துவம். 1996இல் வெண்புள்ளி வைரஸ் புத்தளத்து இறால் பண்ணைகளை அழித்தபோது, ஒருவர் கழித்த நீரை மற்றவர் இறைக்கும் ஒல்லாந்தர் கால்வாய் அதற்கு வழியானது. அதன் பிறகுதான் குஞ்சைப் பிசிஆரில் சோதித்து விடுவதும், வலயம் வலயமாகக் காலம் குறித்து வளர்ப்பதும் அங்கே வழக்கமாயின.

ஊர்காவற்றுறை இருக்கும் எங்கள் தீவகத்திலோ கால்வாய்கூட இல்லை. எல்லா வேலிக்கும் ஒரே தண்ணீர். தன் பண்ணையில் புண் கண்டவர் அன்றைக்கே பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டால், என் வேலையில் பாதி முடிந்த மாதிரி.