பழைய லாரியின் ரேடியேட்டர்: நாமக்கல் பட்டறைகளில் ஒரு தொழிலின் கூறுகள்

டீசல் எஞ்சினில் எரியும் எரிபொருள் தரும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாக மாறுவதில்லை. அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேற, மற்றொரு பங்கைச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு வண்டியின் முகப்பிலுள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து காற்றில் கரைக்கிறது. பழைய லாரிகளின் ரேடியேட்டர் மேலே ஒரு பித்தளைத் தொட்டியும், கீழே ஒரு பித்தளைத் தொட்டியும், இடையே தட்டையான மெல்லிய பித்தளைக் குழாய்களை வரிசையாக நிறுத்தி அவற்றினூடே செம்புத் தகட்டு மடிப்புகளைச் செருகிய பகுதியும் கொண்டது. இந்த நடுப்பகுதியையே பட்டறைகளில் ‘கோர்’ என்கின்றனர். குழாய்களின் முனைகள் செருகிப் பற்றவைக்கப்பட்டிருக்கும் துளைத்தகடு ஹெட்டர் எனப்படும். கசிவுகளில் பல தோன்றும் இடம் குழாயும் ஹெட்டரும் சேரும் இந்தப் பற்றுதான். வெப்பத்தில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் ஆண்டுக்கணக்கில் அசைவுக்கு உட்படுவது அதுவே.

1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரித் தொழிலுக்கும் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அருகே செல்வதால் எஞ்சின், கியர்பாக்ஸ், லேத், வெல்டிங், பெயிண்டிங் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பட்டறைகள் இங்கு வளர்ந்துள்ளன. ரேடியேட்டர் வேலையும் அவ்வாறு தனித்து நிற்கும் ஒரு தொழிலே. நெடுந்தூர ஓட்டத்திலிருந்து விலகி, கோழித் தீவனமும் செங்கல்லும் ஏற்றி அருகிலுள்ள ஊர்களுக்கு ஓடும் பழைய டாட்டா, அசோக் லேலண்டு வண்டிகள்தாம் செம்பு-பித்தளை ரேடியேட்டர்களை இன்னும் இத்தொழிலாளர்களிடம் கொண்டுவருகின்றன.

கசியும் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆயினும் கசிவைக் கண்டவுடன் ஸ்பேனரை எடுக்காமல் இருப்பதில்தான் தேர்ந்த மேஸ்திரியின் திறமை வெளிப்படுகிறது. பழைய ரேடியேட்டர் கெட்டதற்கான காரணம் வண்டியிலேயே தங்கியிருந்தால் புதியதும் அதே வழியில் கெடும் என்பதை அவர் அறிவார். எனவே முதற்கேள்வி ஓட்டுநரை நோக்கியே எழுகிறது: “எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா தண்ணி கேக்குதுங்ணா?” நாள் முழுதும் ஓடி மாலையில் சிறிது நீர் கேட்கும் வண்டிக்கும், தொப்பூர் கணவாயில் பாரத்துடன் ஏறும்போது மட்டும் கொதித்து நீரைக் கக்கும் வண்டிக்கும் நோய் வேறு. முன்னதில் சிறு துளை இருக்கக்கூடும். பின்னதில் துளையே இல்லாமல், குழாய்கள் அடைபட்டோ விசிறி பெல்ட் தளர்ந்தோ வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கக்கூடும்.

அடுத்து எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் மூடியைத் திறந்துவைத்து வண்டியைக் கிளப்பி, மேல் தொட்டியில் நீர்க்குமிழிகள் இடைவிடாமல் எழுகின்றனவா என்று பார்க்கின்றனர். எழுந்தால், சிலிண்டர் தலைப்பகுதிக்கும் எஞ்சின் உடற்பகுதிக்கும் இடையே வைக்கப்படும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதுபட்டு, எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் புகுகிறது என்று பொருள். அந்த அழுத்தத்தைத் தாங்காமல்தான் ரேடியேட்டர் வாய்விட்டிருக்கும். ‘வாட்டர் பாடி’ என்று வழங்கப்படும் நீரேற்றியின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து சொட்டும் நீர் விசிறிக் காற்றில் சிதறி ரேடியேட்டரின் பின்புறத்தை நனைப்பதும் உண்டு. அதை ரேடியேட்டர் கசிவென்று கொண்டு வீண்செலவு செய்த உரிமையாளர்கள் பலர். இவற்றுக்குப் பின், நன்கு சூடேறிய எஞ்சினை நிறுத்தி, விசிறி நின்றதும் கோரின் பரப்பில் உள்ளங்கையை ஓட்டிப் பார்க்கும் முறை கவனத்திற்குரியது: நீர் ஓடும் குழாய்கள் சூடாகவும் அடைபட்டவை குளிர்ந்தும் இருப்பதால், எத்தனை பங்கு செயலிழந்தது என்பதைக் கை கணித்துவிடுகிறது.

அடைப்புக்கு முதற்காரணம் ஊற்றப்படும் நீரே. பாறைப் பாங்கான இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது பிரிந்து குழாய்ச் சுவரில் படிகிறது. அப்படிவு செம்பைவிடப் பல நூறு மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால் மெல்லிய பூச்சும் பெருந்தடையாகிறது. வழியில் கசிவு கண்டால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றும் வழக்கமும் ஓட்டுநர்களிடையே நெடுநாளாக உண்டு. நீரில் ஊறிப் பருத்த தூள் சிறு துளையை அடைத்து வண்டியை ஊர் சேர்க்கிறது என்பது உண்மை. அதே தூள் நல்ல குழாய்களிலும் போய்ப் படிகிறது என்பதும் உண்மை. நள்ளிரவில் ஆளற்ற சாலையில் சரக்குடன் நிற்பவருக்கு வேறு வழியில்லை என்பதால் அவரைக் குறைகூறுவது முறையன்று. ஊர் திரும்பியதும் அதைக் கழுவி வெளியேற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டுவதே கேடு.

கழற்றும் வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. எஞ்சின் ஆறிய பின் நீரை வடித்து, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் விடுவித்து, விசிறியைச் சூழ்ந்த கூட்டையும் தாங்கு கம்பிகளையும் நீக்கி, இருவர் சேர்ந்து ரேடியேட்டரைத் தூக்கிவிடுகின்றனர். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்ற விதி மட்டும் இதில் விலக்கில்லாதது. மூடியின் ஸ்பிரிங் வால்வு உள்ளே கூடுதல் அழுத்தத்தை நிறுத்தி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அரை பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் சுமார் 111 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். அந்நிலையில் மூடி திறந்தால் அழுத்தம் சட்டென விழ, அதுவரை கொதிக்காதிருந்த நீர் ஒரு நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

பழைய தொட்டிகள் நல்ல நிலையில் இருந்தால் முழு ரேடியேட்டரையும் மாற்றாமல் கோரை மட்டும் மாற்றுவதே இத்தொழிலின் சிறப்பு. தீச்சுடரால் பற்றை உருக்கித் தொட்டிகளைப் பிரித்து, விளிம்புகளைச் சுரண்டித் தூய்மையாக்கி, புதிய கோரின் ஹெட்டரில் பொருத்தி மீண்டும் பற்றவைக்கின்றனர். பற்றவைக்கும் உலோகம் காரீயமும் வெள்ளீயமும் கலந்தது. இக்கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்குகிறது, பித்தளையோ 900 டிகிரியளவில்தான் உருகும். இந்த இடைவெளியே வேலையைச் சாத்தியமாக்குகிறது என்றாலும், சுடர் ஓரிடத்தில் சற்று அதிகமாக நின்றால் பக்கத்துக் குழாய்களின் பற்றும் இளகிவிடும்; சுடரை எப்போது விலக்குவது என்பதை ஈயத்தின் பளபளப்பு மாறுவதைக் கண்டே தொழிலாளி அறிகிறார். உலோகப் பரப்பின் களிம்பை நீக்க, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் பொங்குவது அடங்கும்வரை கரைத்துப் பெறும் நீர்மம் பூசப்படுகிறது. பின்னர் வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி எழும் இடங்களைத் தேடுகின்றனர்.

இந்த வேலை செய்பவரின் உடலைப் பற்றிப் பேசாமல் இதன் நுட்பத்தை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது. சுடர் பட்டு எழும் புகையிலும், பழைய பற்றைச் சுரண்டும்போது பறக்கும் தூசியிலும் காரீயம் உள்ளது. அது மூச்சோடும், கழுவாத கையால் உண்ணும் உணவோடும் உடலில் புகுந்து, நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் தாக்குகிறது. தீங்கற்றது என்று கூறத்தக்க காரீய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வேலைத் துணியில் ஒட்டிய தூசி வீட்டுக்குச் சென்று, பெரியவரைவிட எளிதில் பாதிக்கப்படும் குழந்தைகளைச் சேர்கிறது. புகையை மேசையருகிலேயே உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, ஈரமாக்கிச் சுரண்டும் முறை, உண்ணுமுன் சோப்பால் கை கழுவ நீர், பட்டறையிலேயே மாற்றிக்கொள்ளும் உடை, குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பெரும்பாலான சிறு பட்டறைகள் தொழிலாளர் நலச் சோதனைகளின் கண்ணில் படாமல் நடப்பதே இவை இல்லாமைக்குக் காரணம். அக்குறையைத் தொழிலாளியின் கவனக்குறைவாகக் காட்டுவது அநீதி.

புதிய வண்டிகளில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்த பின் காரீயப் பற்றுக்கு இடமில்லாமற் போயிற்று. அவை எடை குறைந்தவை, வெப்பத்தை நன்கு கடத்துபவை. ஆனால் தொட்டி விரிசல் கண்டால் பெரும்பாலும் முழுதாக மாற்றவே நேர்கிறது. பழைய செம்புக் கோரோ கிழிந்த பின்னும் எடைக்கு விலைபோகிறது, அத்தொகை மாற்றும் செலவில் கழிக்கப்படுகிறது.

மீண்டும் பொருத்தும்போது நல்ல பட்டறைகள் தாங்கு போல்ட்டுகளின் கீழுள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுகின்றன. மேடுபள்ளத்தில் லாரியின் சட்டகம் முறுக்கிக்கொள்வதால், இறுகிப்போன ரப்பர் அம்முறுக்கை அப்படியே ரேடியேட்டருக்குக் கடத்தி ஹெட்டரை வெடிக்கச் செய்யும். கீழ் ஹோஸுக்குள் சுருள்கம்பி உள்ள வண்டிகளில் அது துருப்பிடித்து உடைந்திருந்தால் நீரேற்றியின் உறிஞ்சலில் ஹோஸ் சப்பிப்போகும் என்பதால் அதையும் பார்க்கின்றனர். எஞ்சின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் நிலவுகிறது. குளிர்ந்த எஞ்சின் டீசலை வீணாக்குவதோடு சிலிண்டரையும் விரைவில் தேய்த்துவிடுவதால் அது தவறான சிக்கனம். நீருடன் கலக்கும் கூலண்ட் சமவெளியில் உறைபனிக்காகத் தேவைப்படுவதில்லை, துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவுமே தேவைப்படுகிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சாதலால், வடித்த பழைய நீரை ஆடுமாடுகளும் நாய்களும் குடிக்கும்படி சாக்கடையில் விடக்கூடாது. கூலண்ட் கலந்த நீரை மெல்ல நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடேறி வால்வு திறந்ததை உறுதிசெய்து, காற்று வெளியேறத் தாழ்ந்த மட்டத்தை மறுபடி நிரப்பி மூடுகின்றனர். சூட்டில் இளகிய ஹோஸ் கிளிப்புகளை முதல் பார ஓட்டத்திற்குப் பின் மீண்டும் முறுக்குவதற்காக வண்டி ஒருமுறை பட்டறைக்குத் திரும்ப வருகிறது.