பழுதும் பழியும்

கருவியொன்று இயங்க மறுக்கும்போது அதனைக் கையாள்பவர் முதலில் ஐயுறுவது பெரும்பாலும் தம்மையே. “எனக்கு இது சரிவராது” என்ற முடிவு, பழுது யாதென ஆராயப்படுமுன்னரே பிறந்துவிடுகிறது. தொழில்நுட்பம் அயலாரின் உடைமை என்றே எண்ணி வளர்ந்த கலைப்பீட மாணவரிடம் இம்மனப்பான்மை ஆழ வேரூன்றியுள்ளது.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, விரிவுரைகள் இணையவழி நடைபெறலாயின. அவ்வேளை வன்னிக் கிராமமொன்றுக்குத் திரும்பியிருந்த மாணவியொருத்தி, அண்ணன் விட்டுச்சென்ற பழைய மடிக்கணனியில், நண்பி தந்த இறுவட்டிலிருந்து டெபியன் லினக்சை நிறுவினாள். நிறுவல் முடிந்தது, ஆனால் வைஃபை மாத்திரம் இல்லை. வீட்டிலிருந்த ஒரேயொரு கைத்தொலைபேசியின் இணைப்பைக் கணனி காணவேயில்லை. தொலைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினாள். முழு நிறுவலையும் மறுபடி செய்தாள். இரண்டு நாட்கள் கழிந்தன. ஒப்படை சமர்ப்பிக்க வேண்டிய நாளோ நெருங்கியது. கணனியை மூடிவைத்துவிட்டு, பாடத்தையே கைவிடலாமா என்று யோசித்தாள்.

மூத்த மாணவி ஒருத்தி தொலைபேசியிற் கேட்டது ஒரே கேள்விதான்: “கணனி என்ன சொல்லுது? அதைக் கேட்டுப் பாத்தனீரோ?”

அக்கேள்வியில் ஒரு முறையியலே அடங்கியிருந்தது. கம்பியில்லா இணைப்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட படிகளாலானது. வைஃபை அட்டை கணனியால் அறியப்பட்டுள்ளதா? அதற்குரிய ட்ரைவர் ஏறியுள்ளதா? வானொலி அலை தடுக்கப்பட்டுள்ளதா? இணைப்பு ஏற்பட்டதா? எண்முகவரி கிடைத்ததா? தளங்களின் பெயர்கள் எண்களாக மாற்றப்படுகின்றனவா? கீழ்ப்படி உறுதியாகாமல் மேற்படியை ஆராய்வது வீண். லினக்சில் இவை ஒவ்வொன்றுக்கும் விடை தரும் கட்டளை உண்டு. ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்பது அட்டையைக் காட்டியது. ‘ஆர்.எப்.கில்’ தடையேதுமில்லை என்றது. இயங்குதளத்தின் உட்கரு எழுதிவைக்கும் குறிப்பேட்டை ‘டீமெசேஜ்’ கட்டளையால் திறந்தபோது உண்மை வெளிப்பட்டது: அட்டைக்குள் ஏற்றப்படவேண்டிய ‘பேர்ம்வெயார்’ என்னும் சிறு நிரல் அங்கு இல்லை. நிறுவலின்போதே இதனைக் கணனி எச்சரித்திருந்தது. ஆங்கிலத்திலிருந்த அவ்வெச்சரிக்கையை இருமுறையும் அவள் வாசியாது கடந்திருந்தாள்.

இனி எழுந்தது வேறொரு சிக்கல். இணையம் வேண்டுமெனில் அந்நிரல் வேண்டும். அந்நிரல் வேண்டுமெனில் இணையம் வேண்டும். தொலைபேசியை மின்னேற்றும் வயரினாற் கணனியுடன் இணைத்து, யூ.எஸ்.பி. வழியாக இணைப்பைப் பகிரச் செய்ததும் முடிச்சு அவிழ்ந்தது. கணனி அதனைக் கம்பிவழி வலையமைப்பாகவே ஏற்றுக்கொண்டது. நிரல் இறங்கியது. அன்றிரவே ஒப்படை சென்றடைந்தது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அந்நிரல் வட்டில் இல்லாதது கவனக்குறைவாலன்று, கொள்கையால். மூலநிரல் வெளியிடப்படாத மென்பொருளைத் தன் அதிகாரபூர்வ வட்டிற் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் அன்றைய நிலைப்பாடு. அந்நிரல்கள் சேர்ந்த, அதிகாரபூர்வமற்ற வட்டு ஒன்றும் இருந்தது. புதிதாக வருபவர் அதனை எங்ஙனம் அறிவர்? பயனரின் சுதந்திரம் கருதி வகுக்கப்பட்ட கொள்கை, வேறு கணனியோ வேறு வழியோ அற்றவரையே அதிகம் வருத்திற்று. 2022 ஒக்டோபரில் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து இந்நிலைப்பாட்டை மாற்றினர். 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பின் வட்டிலே அந்நிரல்கள் இடம்பெற்றன.

அவளைப் போன்ற எத்தனைபேர் அதற்கு முன்னரே கணனியை மூடிவைத்தனர் என்பதற்குக் கணக்கில்லை. பழுதுக்கு முகவரி உண்டு. படிப்படியாகத் தேடினால் அது அகப்படும். தேடுமுன்னரே தம்மீது பழியைச் சுமத்திக்கொள்வோர்க்கு அது ஒருபோதும் அகப்படுவதில்லை.