மார்த்தாளின் வியாழக்கிழமை

புலம்பெயர்ந்தோர் வரலாறுகளில் கப்பலேறியவர்களின் எண்ணிக்கையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களும் நமக்கு எளிதில் கிடைத்துவிடுகின்றன. கப்பற்கூலியை உழைத்து அடைத்தவர் யார் என்பதைத்தான் தேடி அறிய வேண்டியிருக்கிறது. கனடாவில் குடியேறிய மென்னோனைட் மக்களைப் பற்றி வாசிக்கையில் அன்னா தீசன் என்னும் பெண்மணியிடம் நாம் நின்றுவிட்டதற்கு இதுவே காரணம்.

16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் கிளைத்தவர்கள் மென்னோனைட்டுகள். அறிவு தெளிந்த பின்னரே திருமுழுக்கு, எந்நிலையிலும் ஆயுதம் ஏந்தாமை ஆகிய இரண்டும் அவர்தம் அடிப்படை உறுதிகள். 1789 முதல் இன்றைய உக்ரைன் நிலத்தில் குடியேறி உழவராய்ச் செழித்தவர்களை, 1917ஆம் ஆண்டுப் புரட்சியைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சிதைத்தன. 1923க்கும் 1930க்கும் இடையில் 20,000 பேருக்கு மேல் கனடா சேர்ந்தனர். கையில் காசில்லாதவர்களைக் கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் கடனுக்கு ஏற்றிவந்தது. சபைத் தலைவர்கள் பொறுப்பேற்ற அந்தப் பயணக்கடன் தீர 1946 ஆயிற்று.

புதுநிலத்து வேளாண்மையில் ரொக்கம் அரிது. ஆகவே மகள்கள் வின்னிபெக் நகருக்கு வீட்டுவேலை செய்ய அனுப்பப்பட்டனர். பதின்வயதைத் தாண்டாதவர் பலர், ஆங்கிலம் அறியாதவர். கூலி கடனுக்கும் குடும்பத்துக்கும் போயிற்று. நகரம் பெண்களைக் கெடுத்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சினர்; ஆயினும் அந்தக் கூலியை விட்டுவிட அவர்களுக்கு வழியில்லை.

அன்னாவும் குடியேறி வந்தவரே. 1892இல் ரஷ்யப் பேரரசில் பிறந்து, 1903இல் பெற்றோருடன் சஸ்காட்செவனுக்கு வந்தவர். 1915 முதல் வின்னிபெக்கில் சமயப் பணியாற்றிய அவர், 1925இல் இப்பெண்களுக்காக ‘மரியாள் மார்த்தாள் இல்லம்’ தொடங்கினார். வேலை தேடித் தருவது, வேலையிழந்தவளுக்குப் படுக்க இடம் தருவது, தீங்கு நேரக்கூடிய வீடுகளுக்கு எவரையும் அனுப்பாதிருப்பது எல்லாம் அங்கே நடந்தன. வேலைக்காரப் பெண்களுக்கு வியாழக்கிழமை பிற்பகல் ஓய்வு. அன்று அவர்கள் கூடித் தம் மொழியில் பேசினர், பாடினர், வேதம் வாசித்தனர்.

அந்தப் பெயரில் ஒரு நுட்பம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. லூக்கா நற்செய்தியில் அக்காள் மார்த்தாள் பணிவிடையில் அலைகிறாள். தங்கை மரியாள் இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்கிறாள். தங்கையே நல்ல பங்கைத் தேர்ந்தவள் என்பது அங்குக் கிடைக்கும் தீர்ப்பு. வின்னிபெக்கின் பெண்களுக்கோ தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே இல்லை. வாரமெல்லாம் மார்த்தாள், ஒரு பிற்பகல் மட்டும் மரியாள். அந்த ஒரு பிற்பகலைக் காத்துக்கொடுப்பதையே அன்னா தம் இறைப்பணியாகக் கொண்டார்.

பெண்களுக்குப் பிரசங்க மேடை மறுக்கப்பட்ட காலம் அது. 1959 வரை அவ்வில்லத்தை நடத்தி, 1977இல் அவர் மறைந்தார். விசுவாசத்தை அறிக்கைகளிலும் பாடல்களிலும் தேடுவது இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்குப் பழக்கம். ஆனால் நம் வகுப்புகளிலேயே அக்காளின் கூலியில் படிக்கும் மாணவியர் உண்டு. அந்த அக்காள்மார் எழுதிவைத்தது எதுவுமில்லை. தம் மகள்களை நம்பித்தான் ஒரு சமூகம் கடன் வாங்கியது என்பதை அறிந்தபின், அந்த விசுவாசத்தின் வரலாற்றை அடுக்களையிலிருந்தே வாசிக்க வேண்டும் என்று நமக்குப் படுகிறது.