எத்திரை நன்று?

ஒருவர் வாழும் இல்லத்தைக் கண்டு அவர்தம் உள்ளப் பாங்கினை ஒருவாறு உணரலாம். இக்காலத்து மாணவராகிய நாம் கணிப்பொறித் திரையின் முன்னர்க் கழிக்கும் பொழுது சிறிதன்று. ஆதலின் அத்திரையை எவ்வாறு அமைத்துக்கொள்கின்றோம் என்பதும் ஆராய்தற்குரியதொரு பொருளேயாம். விலை கொடுத்து வாங்கும் இயங்குதளங்களில் அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் இடமில்லை. ஆக்கியோர் அமைத்த முகமே முகம். லினக்ஸ் முதலிய திறமூல இயங்குதளங்களிலோ ஒரே பொறிக்குப் பல முகங்கள் உள. அவற்றுட் சிலவற்றைப் பயின்று அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இப்பன்மை தோன்றியதற்குக் காரணம் யாது? 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘எக்ஸ்’ என்னும் சாளர முறை தொடங்கப்பெற்றது. அதனை இயற்றியோர், திரையில் உருக்களை வரைதற்கும் விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் குறிப்புக்களை ஏற்றற்கும் வேண்டுங் கருவிகளை மட்டும் அதனுள் வைத்தனர். சாளரங்கள் எங்கே நிற்றல் வேண்டும், அவற்றின் தலைப்பட்டை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பவற்றை விதிக்காது, அப்பணியை வேறொரு நிரலுக்கு விட்டனர். அந்நிரலே சாளர மேலாளர் எனப்படும். மேலாளரை மாற்றினும் பிற நிரல்களை மாற்ற வேண்டுவதில்லை. வாயில் திறந்திருந்தமையாற் பலரும் புகுந்து தத்தம் கருத்திற்கேற்ற மேலாளர்களை ஆக்கினர்.

சாளர மேலாளர் ஒன்றனையே கொண்டு பணிபுரிவோர், கோப்புக்களைக் காட்டும் நிரல், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நிரல், திரையைப் பூட்டும் நிரல் முதலியவற்றைத் தாமே தேடிச் சேர்த்தல் வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே பாங்கில் இணைத்துத் தருவது பணிமேடைச் சூழல் எனப்படும். 1996-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மத்தியாஸ் எட்ரிக் என்பார் கேடிஈ என்னும் சூழலைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த ‘க்யூட்டி’ என்னும் கருவித்தொகுதியின் உரிமம் அக்காலத்து முழு விடுதலை தாராமையின், 1997-இல் மெக்சிகோ நாட்டினராகிய மிகேல் தே இகாசா, ஃபெடரிக்கோ மேனா என்னும் இருவரும் க்னோம் என்பதனைத் தொடங்கினர். 2000-ஆம் ஆண்டில் க்யூட்டியும் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்து பிணக்கின் காரணம் நீங்கிற்று. எனினும் சூழல்கள் இரண்டும் தத்தம் வழியே வளர்ந்தன.

அவ்விரண்டின் இயல்பும் வேறு. கேடிஈ, பயன்படுத்துவோர் விரும்பியவாறு மாற்றிக்கொள்ளுதற்கு எண்ணிறந்த அமைப்புக்களைத் திறந்து காட்டும். க்னோம், சில அமைப்புக்களை மட்டும் தந்து, ஒரே ஒழுங்கினைப் பேணும். 2011-இல் க்னோமின் மூன்றாம் பதிப்பு பழைய பணிப்பட்டையைக் கைவிட்டபோது பலர் வருந்தினர். விலைக்கு வாங்கிய பொருளாயின் முணுமுணுத்து ஒழிந்திருப்பர். மூலநிரல் யாவர்க்கும் பொதுவாயிருந்தமையால், சிலர் பழைய க்னோமையே ‘மாட்டே’ என்னும் பெயரால் வளர்க்கலாயினர். லினக்ஸ் மின்ட் குழுவினர் ‘சின்னமன்’ என்பதனை ஆக்கினர். இவற்றுக்கிடையே, 1996-இல் தோன்றிய எக்ஸ்எஃப்சிஈ ஆரவாரமின்றிப் பழைய பொறிகளிலும் நன்கு உழைத்து வருகின்றது.

யான் என் பொறிக்குத் தேர்ந்தது ஐ3 என்னும் சாளர மேலாளர். 2009-இல் வெளிவந்த இது சாளரங்களை ஒன்றன்மேலொன்று குவியாமல், தரையிற் கல் பதித்தாற்போல அருகருகே நிரப்பும். சுட்டியைத் தொடாமல் விசைகளாலேயே அனைத்தையும் நடத்தலாம். விசைகளின் பொருளை எளியதோர் உரைக் கோப்பில் நாமே எழுதிக்கொள்ளலாம். 2 ஜிபி நினைவகமே உடைய என் பழம்பொறிக்கு அது பொருந்திற்று. சிதறும் என் கருத்தினை ஒருவழிப்படுத்தவும் உதவிற்று.

விடுதியில் என்னோடு உடனுறைந்த நண்பர் ஒருவர் கண்பார்வை இல்லாதவர். அவருக்கெனத் தனிப் பொறி இல்லாமையின் எனது பொறியே இருவர்க்கும் பொதுவாயிற்று. தாம் எழுதியதனைத் தாமே திருத்தவியலாது, பிறரொருவர் ஓய்வு பெறும் வரை காத்திருந்து, அவர் வாயாற் படிக்கக் கேட்பதே அவர்தம் நிலைமையாயிருந்தது. தேர்வுக் கட்டுரை அளிக்கும் நாளோ நெருங்கிற்று. திரையிலுள்ளதைப் படித்துரைக்கும் ‘ஓர்க்கா’ என்னும் நிரல் 2006 முதல் க்னோமுடன் இணைந்து வருவது. ஐ3-இல் அதனை இயக்கலாமெனினும், நிரலைத் தொடங்கும் பட்டியல், நிலைப்பட்டை முதலியவற்றுள் எது பேசும், எது பேசாதென்பது நாம் சேர்க்கும் நிரல்களைப் பொறுத்தது. இக்காலத்துக் க்னோமோ என் பொறிக்குப் பெருஞ்சுமை. ஆதலின் மாட்டேயை நிறுவி, அவருக்கென ஒரு கணக்கினைத் திறந்தோம். நுழைவுத் திரையில் அவர் பெயரைத் தேர்ந்தால் மாட்டேயும் ஓர்க்காவும். என் பெயரைத் தேர்ந்தால் ஐ3. தமிழையும் படிக்கவல்ல ‘இ-ஸ்பீக்’ என்னும் ஒலிநிரலின் குரல் இனிமையுடையதன்று. ஆயினும் நள்ளிரவில், ஒருவரையும் எழுப்பாமல், அவர் தம் கட்டுரையைத் தாமே கேட்டு ஒரு பிழையைத் திருத்திவிட்டு, மீண்டும் அவ்வரியைக் கேட்டபொழுது, அவர் முகத்திற் றோன்றிய மகிழ்ச்சியை யான் மறத்தற்கில்லை.

எத்திரை நன்று என்னும் வினா, யார்க்கு நன்று என்னும் வினாவின்றி முற்றுப்பெறாது. சிறிய மேலாளர் தன்னை ஆள்பவன் ஒருவனது விருப்பத்திற்கு அணுக்கமாயிருக்கும்; டிடபிள்யூஎம் என்பதோ தன் மூலநிரல் 2000 வரிகளைக் கடத்தலாகாதென்றே கொள்கை வகுத்தது. பெரிய சூழலோ முகமறியாத பலர்தம் தேவைகளைத் தாங்குதற்கெனவே பருத்துள்ளது. மெலிவு ஒன்றற்கு அழகு; பருமை மற்றொன்றற்குக் கடமை.

இப்போது எக்ஸின் இடத்தை ‘வேலண்டு’ என்னும் நெறிமுறை பெற்று வருகின்றது. 2008-இல் தொடங்கிய இதன்கண் திரையை ஆள்வதும் சாளரங்களை ஆள்வதும் ஒரே நிரலின் பணியாம். ஆதலின் சிறிய மேலாளரை ஆக்குவோர்க்கும் பொறுப்பு மிகுந்துள்ளது. ஐ3-ஐ ஒத்த ‘ஸ்வே’ அவ்வழியில் வந்ததே. புதியதனை வரவேற்கும்போது, திரைபடிக்கும் நிரல் அங்கு எவ்வாறு இயங்குகின்றதென வினவுதலும் நம் கடன்.

தோழர்காள்! இச்சூழல்களின் தமிழ்ச் சொற்களையும் தன்னார்வலரே பெயர்த்து வருகின்றனர். நுந்திரையை நும் விருப்பின்படி அமைத்துக்கொண்மின். அமைத்தபின், பெயர்க்கப்படாத ஒரு சொல்லையேனும், பேசாத ஒரு பொத்தானையேனும் கண்டால், அதனை ஆக்குவோர்க்கு எழுதித் தெரிவிமின். நும் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது அதற்குப் போதும்.