வெயிலும் நிழலும்

நுழையும்முன்

பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும் பெற்றோர் உணவைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் கவலை கொள்வர். துவைத்த துணியை எங்கே உலர்த்துவது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இச்சிறு செயலுக்குள் உடல்நலமும் தன்மதிப்பும் அடங்கியிருப்பதை ஒரு மாணவியின் முதலாண்டு விடுதி வாழ்க்கை காட்டுகிறது.

அம்மா கொடுத்த சேலை

மதுரையிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த அம்மாணவியின் பெட்டியில் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. அதில் முடிச்சிட்டவர் அவளுடைய அம்மா. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டபின் சாயத்தில் தோய்ப்பர். உலர்ந்ததும் முடிச்சுகளைப் பிரித்தால், நூல் இறுக்கியிருந்த இடங்களில் மட்டும் சாயம் ஏறாமல் வெண்புள்ளிகள் நிற்கும். ஒரு சேலையில் இத்தகைய புள்ளிகள் ஆயிரக்கணக்கில் அமையும். துணிக்கடைகள் நிறைந்த ‘அறுவை வீதி’ மதுரையில் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அறுவை என்பது ஆடையைக் குறிக்கும் பழஞ்சொல். அந்நெடிய மரபின் ஒரு துளி அப்பெட்டிக்குள் மடிந்து கிடந்தது.

“முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசு. முறுக்கிப் பிழியாதே. நிழலில் காயப்போடு” என்று அம்மா மும்முறை சொல்லி அனுப்பினார். மும்முறை கேட்டதனாலேயே அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொடியில் ஓர் இடம்

விடுதி அறையில் நான்கு கட்டில்கள், ஒரு சன்னல், ஒரு மின்விசிறி. துணி உலர்த்த மொட்டைமாடியில் ஆறு கொடிகள் இருந்தன. எண்பது பேருக்கு அவை போதவில்லை. விடியுமுன் எழுந்தவர்க்கே இடம் கிடைத்தது. மாடிப்படியின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது: ‘உள்ளாடைகளை மாடியில் உலர்த்தக் கூடாது.’ எதிர்ப்புறக் குடியிருப்பிலிருந்து பார்த்தால் மாடி தெரியும் என்பது காரணம்.

ஐப்பசி மாதம். கல்லூரி விழாவுக்கு உடுத்திய சுங்குடியை அவள் துவைத்தாள். அரிதாய்க் கிடைத்த ஒரு முழுக்கொடியில், உச்சிவெயில் படும் இடத்தில் பெருமையுடன் விரித்தாள். மறுநாள் தேர்வு. படிக்கும் பரபரப்பில் சேலையை மறந்துவிட்டாள். இரண்டு நாள் வெயிலில் கிடந்த சேலையை எடுத்தபோது, கொடியின்மேல் மடிந்து வானத்தைப் பார்த்திருந்த பகுதி ஒரு சாண் அகலத்துக்கு நிறம் மங்கியிருந்தது. அம்மாவின் விரல்கள் அவள் நினைவுக்கு வந்தன. கண்ணீர் முட்டியது.

பக்கத்து அறையில் வேதியியல் மூன்றாமாண்டு படிக்கும் அக்கா அதைப் பார்த்தார். “சுங்குடியையா உச்சிவெயிலில் போட்டாய்?” என்று கேட்டவர், அவளை அருகில் அமர்த்திப் பொறுமையாக விளக்கினார். வெயிலின் புறஊதாக் கதிர்கள் சாயத்தின் மூலக்கூறுகளைச் சிதைப்பதால் நிறம் வெளுக்கிறது. பட்டுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பருத்தி நூல் நனைந்தால் வலுப்பெறும். பட்டு நூலோ நனைந்தால் வலுக்குன்றும். ஆதலால் ஈரப்பட்டை முறுக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். கம்பளியாடையை ஈரத்தோடு தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டு வடிவிழக்கும். அதைத் தட்டையாகப் பரப்பித்தான் உலர்த்த வேண்டும்.

“மழைக்காலத்தில் என்ன செய்வது அக்கா?”

“காற்றே ஈரமாக இருக்கும்போது துணியின் ஈரம் எங்கே போகும்? முதலில் ஓர் உலர்ந்த துண்டின்மேல் ஈரத்துணியைப் பரப்பிப் பாய்போலச் சுருட்டி அழுத்து. பாதி நீரைத் துண்டு குடித்துவிடும். பிறகு மடிப்பில்லாமல் விரித்து, விசிறிக்காற்று இருபுறமும் படும்படி தொங்கவிடு. துணியைச் சூழ்ந்து நிற்கும் ஈரக்காற்றை விசிறி விலக்கிக்கொண்டே இருந்தால் துணி தானே உலரும்.”

இருளில் உலர்ந்தவை

சேலைக்கு வழி கிடைத்தது. ஆனால், அவள் எவரிடமும் கேளாத கேள்வி ஒன்று மீதமிருந்தது.

சுவரில் இருந்த அறிவிப்புக்குப் பணிந்து, அவள் தன் உள்ளாடைகளைக் கட்டிலின் கால்களுக்கிடையே கட்டிய கயிற்றில் உலர்த்திவந்தாள். மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தி அலசிய துணிகளும் அங்கேதான். அவற்றின்மேல் ஒரு துண்டு. அதன்மேல் தொங்கும் போர்வை. காற்றும் ஒளியும் புகாத அவ்விடத்தில் துணிகள் மூன்று நாளாயினும் முழுதும் உலர்வதில்லை. ஈரவாடை வீசும் துணியையே உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போவாள். அறையிலிருந்த மற்ற மூவரும் அவ்வாறே செய்தனர். எனினும், ஒருவரும் அதுபற்றி மற்றவரிடம் பேசியதில்லை.

கார்த்திகை பிறந்தபோது அவளுடைய இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை கண்டது. வகுப்பில் உட்கார முடியவில்லை. இரவில் உறங்க முடியவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லவும் நாணம் தடுத்தது. இரண்டு வாரம் பொறுத்தபின் மருத்துவரிடம் சென்றாள். மருந்து எழுதுமுன் அப்பெண் மருத்துவர் ஒன்று கேட்டார்: “துணியை எங்கேம்மா உலர்த்துகிறாய்?”

“கட்டிலுக்கு அடியில்” என்றாள், தலைகுனிந்து.

மருத்துவர் வியப்படையவில்லை. “பூஞ்சைக்கு வேண்டியவை ஈரமும் வெதுவெதுப்பும். இரண்டையும் நீயே கொடுத்திருக்கிறாய். உடலை ஒட்டி உடுத்தும் துணியைச் சோப்பிட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்து. அது செய்யாமல் மருந்தை மட்டும் பூசினால் நோய் திரும்பத் திரும்ப வரும்” என்றார்.

அன்றிரவு அவள் நெடுநேரம் விழித்திருந்தாள். நிழல் வேண்டிய சேலையை, பிறர் பார்க்கத் தகுந்தது என்பதற்காக வெயிலில் விரித்தாள். வெயில் வேண்டிய துணிகளை, பிறர் பார்க்கக் கூடாதவை என்பதற்காக இருளில் ஒளித்தாள். இரண்டிலும் அவள் கணக்கில் கொண்டது பார்ப்பவர் கண்களையே. துணியின் தேவையையும் தன் உடலின் தேவையையும் அன்று.

மாடியில் ஒரு திரை

மறுநாள் தன் அறைத்தோழியரிடம் முதன்முறையாக வாய்திறந்தாள். ஒருத்தி மெல்லத் தனக்கும் அந்நோய் இருப்பதாகச் சொன்னாள். அடுத்த அறையிலும் இருவருக்கு இருந்தது. அவ்வார இறுதியில் பதினொரு பேர் விடுதிக் காப்பாளரின் அறைவாயிலில் நின்றனர்.

“எதிர்வீட்டிலிருந்து பார்ப்பார்களேம்மா. உங்கள் நன்மைக்காகத்தானே அப்படி எழுதி ஒட்டினேன்” என்றார் காப்பாளர்.

“யாரோ பார்ப்பார்கள் என்பதற்காக நாங்கள் நோயோடு இருக்க வேண்டுமா, அம்மா?” என்று அவள் கேட்டாள். கேட்ட பிறகே குரல் நடுங்கியதை உணர்ந்தாள்.

காப்பாளர் உடனே விடை கூறவில்லை. தம் அறையின் உட்புறமாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில், ஒரு துண்டின் கீழ் அவருடைய துணிகளும் மறைந்து தொங்கிக்கொண்டிருந்தன.

நான்கு நாள் கழித்து, மொட்டைமாடியில் நீர்த்தொட்டியை ஒட்டி மூன்று பக்கமும் மூங்கில்தட்டி எழுந்தது. உள்ளே நான்கு கொடிகள். மேலே மறைப்பு ஏதுமில்லை. வெயில் நேராக இறங்கியது. அதன் எதிர்ப்புறத்தில், சாயத்துணிகளுக்கென ஒரு கீற்றுப் பந்தலும் போடப்பட்டது. படிச்சுவரில் இருந்த அறிவிப்பைக் காப்பாளரே கிழித்தெடுத்தார்.

வீட்டுக் கொல்லை

பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றவள், நிறம் மங்கிய சேலையைத் தயக்கத்துடன் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா மங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “முந்தானைப் பக்கம் இல்லை. கொசுவத்துக்குள் போய்விடும்” என்று மட்டும் சொல்லி மடித்து வைத்தார்.

மறுநாட்காலை அவள் கொல்லைப்புறம் சென்றாள். விறகு அடுக்கிய தாழ்வாரத்தின் இருண்ட மூலையில், ஒரு பழஞ்சேலையின் அடியில் அம்மாவின் துணிகள் ஈரவாடையுடன் தொங்கின. பிறந்தது முதல் அவள் பார்த்துவரும் காட்சிதான் அது. அன்றுதான் அதன் பொருள் விளங்கியது. ஒன்றும் பேசாமல் அவற்றை எடுத்து மீண்டும் அலசினாள். கொல்லை நடுவே, முருங்கை நிழல் எட்டாத கொடியில் ஒவ்வொன்றாக விரித்தாள்.

அடுக்களை வாயிலில் நின்ற அம்மா, “என்னடி இது, யாராவது வந்தால்?” என்றார்.

“வந்தால் வரட்டும்மா. துணி காய்கிறது” என்றாள்.

அம்மா சற்றுநேரம் கொடியைப் பார்த்தபடி நின்றார்; பிறகு உள்ளே போய்விட்டார். அதற்கடுத்த நாள் அவள் கண்விழித்து வந்தபோது, அதே கொடியில், அதே வெயிலில், அம்மாவே தம் துணிகளை விரித்துக்கொண்டிருந்தார்.